வடசென்னை வெயிலில் வயண்டாட் கோழி வளர்ப்பு

முதல் வயண்டாட் சேவலை வாங்கிவந்து தண்டையார்பேட்டை வீட்டின் பின்கட்டில் விட்ட அன்று, மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, “இன்னாப்பா, கொண்டைய அறுத்துட்டியா?” என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. நம் நாட்டுச் சேவலுக்குச் சிவந்து நிமிர்ந்து, ரம்பப் பல்லைப் போல நிற்கும் கொண்டை, வயண்டாட்டுக்குத் தலையோடு தலையாக அழுந்திக் கிடக்கிறது. மேற்புறம் சிறு சிறு கொப்புளங்கள் நெருங்கியதுபோல் இருக்கும். பின்முனை கூராகிப் பிடரியின் வளைவை ஒட்டியே இறங்கும். இதற்கு ரோஜாக் கொண்டை என்று பெயர். வெட்டியதும் அன்று, நோயால் சுருங்கியதும் அன்று. பிறவி அமைப்பே அதுதான்.

இந்தக் கொண்டையைப் புரிந்துகொண்டால் கோழியையே பாதி புரிந்துகொண்டதாகும். கோழிக்கு வியர்வை கிடையாது. உடலின் வெப்பத்தைக் கொண்டை, தாடி, கால் ஆகிய இறகில்லாத இடங்கள் வழியாகவும், வாயைத் திறந்து இரைப்பதன் மூலமும்தான் அது வெளியே தள்ளுகிறது. வெயில் நாட்டுக் கோழிக்குப் பெரிய கொண்டை வரம். உறைபனி விழும் ஊரிலோ அதே கொண்டை கருகிப் புண்ணாகும். வயண்டாட் இனம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலப் பகுதியில் உருவாக்கப்பட்டது. அங்குள்ள குளிருக்குச் சின்னக் கொண்டையும் அடர்ந்த இறகும் கனத்த உடலும்தான் பொருத்தம். ஆகவே வெப்பத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும்படி அமைந்த ஒரு பறவையை, அந்த வெப்பத்தை வெளியேற்ற வழிதேட வேண்டிய ஊரில் நாம் வளர்க்கிறோம். கூரை, தீவன நேரம், தண்ணீர், குஞ்சு பொரிக்கும் மாதம் என்று இனி வரும் எல்லாமே இந்த ஒரு முரணைச் சமாளிக்கும் வழிகள்தாம்.

இனத்தின் அடையாளங்கள்

தொடக்கத்தில் அமெரிக்கன் செப்ரைட் என்ற பெயரில் வழங்கிய இந்தக் கோழிக்கு, வட அமெரிக்கப் பழங்குடி மக்களில் ஒரு பிரிவினரான வயண்டாட் மக்களின் பெயர் பின்னர் சூட்டப்பட்டது. 1883இல் அமெரிக்கன் பவுல்ட்ரி அசோசியேஷன், சில்வர் லேஸ்டு எனப்படும், வெள்ளி நிற இறகுக்குக் கருப்புக் கரையிட்ட வகையை முதன்முதலாகத் தன் இனத்தர நூலில் சேர்த்தது. கோல்டன் லேஸ்டும் வெள்ளையும் 1888இல் சேர்ந்தன. கருப்பு, பஃப், பார்ட்ரிட்ஜ், கொலம்பியன் முதலியவை பிறகு வந்தன. இன்னின்ன கோழிகளைக் கலந்துதான் இது உருவானது என்று முழுமையாகச் சொல்லும் பதிவு கிடையாது. பிரம்மா, ஹாம்பர்க் ஆகிய இரண்டின் சாயலைப் பெரும்பாலோர் குறிப்பிடுகின்றனர்.

இனத்தரப்படி வளர்ந்த சேவல் ஏறக்குறைய 3.8 கிலோவும் பெட்டை ஏறக்குறைய 2.9 கிலோவும் இருக்கும். தோலும் காலும் மஞ்சள் நிறம். காலில் இறகு இருக்காது. காலுக்கு நான்கு விரல்கள். முட்டையின் ஓடு இளம்பழுப்பு முதல் பழுப்பு வரை இருக்கும். நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 200 முட்டை என்பது இந்த இனத்துக்குச் சொல்லப்படும் கணக்கு. நம் ஊரில் கோடை இரண்டு மாதமும் இறகு உதிரும் காலமும் அதிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டுவிடும் என்பதால், அந்த எண்ணிக்கையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

சில்வர் லேஸ்டு பெட்டையின் மார்பிலிருந்து உதிர்ந்த ஓர் இறகை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் தும்பைப்பூ வெண்மை. விளிம்பைச் சுற்றிச் சேலைக்குக் கரை பிடித்ததுபோல ஒரே சீரான கருப்புக் கோடு. அதன் மேல் பச்சையோடிய மினுமினுப்பு. அடிப்பகுதியில் சாம்பல் நிறப் பஞ்சு. அந்தப் பஞ்சை விரலால் நிமிண்டிப் பார்த்தால், நாட்டுக்கோழி இறகில் இருப்பதைவிட எவ்வளவு அடர்த்தி என்பது தெரியும். கோழியைப் பார்த்து ஆசைப்பட வைப்பது அந்தக் கரை. மே மாதத்தில் அதை வாட்டுவது அந்தப் பஞ்சு.

வாங்கும்போது

ஃபேன்சி கோழி விற்பவர்கள் கொளத்தூர், மாதவரம் பக்கங்களிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் கிடைப்பார்கள். லேஸ்டு நிறமுள்ளவை எல்லாம் வயண்டாட் ஆகிவிடாது. காலில் இறகு முளைத்திருந்தால் கொச்சினோ பிரம்மாவோ கலந்திருக்கிறது. கால் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தாலும் கலப்பு இருக்கலாம். கோழியைக் கையில் எடுத்து மார்பெலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும். இறகின் பருமனால் மெலிந்த கோழியும் கொழுத்ததாகவே கண்ணுக்குத் தெரியும். விரலுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். மூக்கில் நீர் வடிகிறதா, வாலடி இறகு எச்சத்தால் ஒட்டியிருக்கிறதா, பாதத்தின் அடியில் கட்டி இருக்கிறதா என்பவற்றையும் பார்த்துவிட வேண்டும். வாங்கிவந்த கோழியை ஏற்கெனவே உள்ள கோழிகளோடு உடனே விடாமல் 3 வாரமாவது தனியே வைத்திருப்பது அவசியம்.

எந்த மாதத்தில் வாங்குகிறோம் என்பது, என்ன வாங்குகிறோம் என்பதற்கு நிகரான முடிவு. நான் செய்த தவறு ஏப்ரலில் மூன்று வளர்ந்த பெட்டைகளை வாங்கியது. வேறு இடத்துக் கூண்டிலிருந்து வந்து, இந்த இடத்தின் வெக்கைக்குப் பழகுவதற்குள் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. அவற்றில் ஒன்று என்ன ஆயிற்று என்பதைக் கோடையைப் பற்றி எழுதும் இடத்தில் சொல்கிறேன். நவம்பர் முதல் ஜனவரி வரை வாங்குவது நல்லது. விடைக்கோழியாக, அதாவது முட்டையிடத் தொடங்காத 4, 5 மாதப் பெட்டையாக வாங்குவது அதைவிட நல்லது. இளங்கோழிக்கு உடல் கனம் குறைவு. வெயிலைத் தாங்கிப் பழக அதற்கு அவகாசமும் இருக்கும்.

கூண்டும் இடமும்

கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைய வேண்டும். அப்படி அமைந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்துக் காற்றுக்குத் திறந்திருக்கும். வடசென்னையில் நெருங்கிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது. வாய்க்காதவர்கள் மேற்குப் பக்கத்தை மட்டுமாவது கீற்றுத் தட்டியால் அடைத்துவிட வேண்டும். மொட்டை மாடியில் வைப்பவர்கள் தளத்துக்குச் சுண்ணாம்போ வெள்ளைக் குளிர்ப்பூச்சோ பூச வேண்டும். இல்லையென்றால் இரவு பத்து மணிக்கும் தளம் கொதித்துக்கொண்டிருக்கும். பகலில் ஏறிய சூட்டைக் கோழி இரவிலும் இறக்க முடியாமல் போகும். என்னைக் கேட்டால், மரத்தடித் தரை இருக்கும்போது மாடியை நாடவே வேண்டாம். ஒரு முருங்கை மரத்தின் நிழல் எந்த விசிறியைவிடவும் மேல்; கீரையும் கூடவே கிடைக்கும்.

கூரைக்குத் தகரம் போடுவதானால் அதன் மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, இரண்டுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் கொடுக்க வேண்டும். தகரம் தனியாக இருந்தால் அது அடுப்பின் மேல் கவிழ்த்த சட்டிதான். கூண்டுக்குள் கோழி ஒன்றுக்கு 4 சதுர அடியும், திறந்த வெளியில் 10 சதுர அடியும் தேவை. நாட்டுக்கோழிக்கு இதைவிடக் குறைத்தாலும் பாதகமில்லை. வயண்டாட் நெருக்கத்தில் ஒன்றின் சூட்டை இன்னொன்று வாங்கிக்கொண்டு வாடும். இரவில் அமரும் கழி 2 அடி உயரத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கனத்த கோழி உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் குதிக்கும்போது பாதத்தில் காயம்பட்டு, அதில் கிருமி ஏறி, கெட்டியான கட்டி உண்டாகும். கழி இரண்டு அங்குல அகலத்தில், முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். முட்டையிட நான்கு பெட்டைக்கு ஒரு பெட்டி போதும். பழக்கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரேட்டில் வைக்கோல் பரப்பினால் அதுவே பெட்டி.

இந்தப் பகுதியில் நாய் பூனையைவிடக் கோழிக்குப் பெரிய எதிரி பெருச்சாளி. சாக்கடை ஓரத்திலிருந்து வளை தோண்டி வந்து, தூங்கும் கோழியின் காலைக் கடிக்கும். குஞ்சை இழுத்துக்கொண்டே போகும். சாதாரணக் கோழி வலையை அது கத்தரித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்கி, கூண்டைச் சுற்றி ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள்ளும் இறக்க வேண்டும். கூண்டைக் காலூன்றி இரண்டரை அடி உயரத்தில் அமைத்தால் பெருச்சாளிக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்தே பாதுகாப்பு. 2015, 2023 டிசம்பர் மழைகளைப் பார்த்த யாருக்கும் அந்த இரண்டரை அடிக்கு விளக்கம் தேவைப்படாது.

மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோழி நாள் முழுவதும் மண்ணைக் கிளறித் தின்கிறது. மண்ணில் ஈயம் போன்றவை இருந்தால் அவை முட்டைக்கும் வந்து சேரும். 2023இல் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய இடங்களிலும், சாம்பல் படியும் இடங்களிலும், பழைய பெயின்ட் உதிரும் மதிலடியிலும், வண்டி பழுதுபார்த்த இடத்திலும் கோழியை நேரடியாக மேயவிடக் கூடாது. ஒரு மூலையில் செங்கல் அணைத்து, அடியில் தார்ப்பாய் விரித்து, நல்ல மண்ணும் மணலும் ஒரு முழ உயரத்துக்குக் கொட்டினால் கிளறவும் புழுதி குளிக்கவும் அந்த இடம் போதும்.

கோடை

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை இந்தக் கோழியை நாம் வளர்ப்பதில்லை, காப்பாற்றுகிறோம். சென்னையில் 2003 மே 31 அன்று 45 பாகை செல்சியஸ் பதிவானது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 35 பாகையைத் தாண்டி, காற்றில் புழுக்கமும் சேர்ந்தாலே வயண்டாட் வாயைத் திறந்துவிடும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது வெப்பமானியைவிடக் கடற்காற்றை. நண்பகலையொட்டிக் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் வெக்கை சற்றுத் தணியும். மேற்கிலிருந்து வரும் அனல்காற்று அதைத் தடுத்து, இரண்டு மூன்று மணி வரை கடற்காற்று வராத நாள்தான் ஆபத்தான நாள். கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதைப் பார்த்தாலே போதும். துணி கிழக்கு நோக்கி ஆடிக்கொண்டே இருந்தால் அன்று மதியம் வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும்.

ஈரச் சாக்கைத் தொங்கவிடுவதும் இதை அறிந்தே செய்ய வேண்டிய வேலை. வறண்ட மேல்காற்று அடிக்கும்போது ஈரச் சாக்கு கூண்டை நன்றாகக் குளிர்விக்கும். கடற்காற்று வந்த பின்பு காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் சாக்கு உலராது, குளிர்ச்சியும் தராது. காற்றைத் தடுத்துப் புழுக்கத்தைக் கூட்டும். அப்போது சாக்கைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைப் போடுவதுதான் முறை.

முன்னே சொன்ன பெட்டைக்கு வருகிறேன். மே மாதம் ஒரு நாள், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் காலை பத்து மணிக்குத் தீவனத் தட்டை நிரப்பி வைத்துவிட்டுப் போனேன். கோழி தின்ற தீவனம் செரிக்கும்போது உடலில் சூடு உண்டாகும். அந்தச் சூடு தின்ற சில மணி நேரத்துக்குப் பின் உச்சத்துக்கு வரும். பத்து மணிக்குத் தின்றது இரண்டு மணிக்கு, வெயிலும் உச்சத்தில் இருக்கும்போது, உள்ளிருந்து எரிந்தது. மேலே வெறும் தகரம். அன்று கடற்காற்றும் வரவில்லை. மாலை வந்து பார்த்தபோது அது கூண்டின் மூலையில் இறக்கையை விரித்தபடி விறைத்துக் கிடந்தது. தண்ணீர்ச் சட்டி நிறைந்துதான் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், குளித்துவிடலாம் போன்ற சூடு. கோழி குடிக்கவில்லை.

ஆகவே கோடையில் தீவனம் விடியற்காலை 5, 6 மணிக்கும் மாலை வெயில் தாழ்ந்த பின்பும்தான். ஒன்பது மணிக்கு மேல் தட்டை எடுத்துவிட வேண்டும். தண்ணீரை மண் சட்டியில் நிழலில் வைத்து, பகலில் மூன்று முறையாவது மாற்ற வேண்டும். சாதாரண நாளில் கால் லிட்டர் அளவு குடிக்கும் பெட்டை, கோடையில் அதைப் போல் இரண்டு மடங்கு குடிக்கும். அகலமான தாம்பாளம் ஒன்றில் இரண்டு அங்குலத் தண்ணீர் ஊற்றி வைத்தால் கோழி தானே வந்து காலை நனைத்துக்கொண்டு நிற்கும். கொண்டையால் இறக்க முடியாத சூட்டைக் காலால் இறக்கிக்கொள்ள அது கற்றுக்கொள்கிறது.

வெப்பத்தின் அறிகுறிகள் படிப்படியாக வரும். முதலில் இறக்கையை உடலிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளும். பிறகு அலகு திறக்கும். தொண்டைத் தோல் வேகமாகத் துடிக்கும். இந்த அளவுக்கு அஞ்ச வேண்டாம், கவனித்தால் போதும். கண் பாதி மூடி, தலை தொய்ந்து, கொண்டை கருநீலமாக மாறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் நிரம்பிய வாளியில் காலும் வயிற்றடியும் நனையும்படி கோழியை இறக்கிப் பிடிக்க வேண்டும். தலை நனையக் கூடாது. பனிக்கட்டித் தண்ணீர் கூடாது. தெளிந்த பின் குளுக்கோஸோ ஓ.ஆர்.எஸ்ஸோ கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகின் ஓரத்தில் விடலாம்.

இரைக்கும் கோழிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இடைவிடாமல் இரைக்கும்போது உடலிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடி, முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு சரியாகச் சேராமல் போகிறது. மே மாதத்தில் தோல்முட்டை வருவதைப் பார்த்துக் கிளிஞ்சலை அள்ளிப் போடுபவர்கள் உண்டு. குறை கிளிஞ்சலில் இல்லை, வெயிலில் இருக்கிறது. நண்பகலில் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் சமையல் சோடா கலந்து வைப்பது ஓரளவு உதவும். நிழல்தான் முழு மருந்து.

தீவனம்

முட்டையிடும் பெட்டைக்குக் கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனம் நாளொன்றுக்கு 110 முதல் 130 கிராம் போதும். அதில் 16 முதல் 18 சதவீதம் புரதமும் 3.5 சதவீதத்துக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்தும் இருக்க வேண்டும். இதையே வளரும் குஞ்சுக்குப் போட்டால் மிகுதியான சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுக்குக் குஞ்சுத் தீவனமும் விடைக்கோழிக்கு வளர்தீவனமும்தான். கிளிஞ்சலை இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும்.

வயண்டாட் எளிதில் கொழுக்கும் இனம். வீட்டில் மிஞ்சிய சோறும் இட்லியும் பாசத்தோடு போடப் போட, வயிற்றில் கொழுப்புக் கட்டி முட்டை குறையும். அந்தக் கொழுப்பு கோடையில் இன்னொரு கம்பளி. மிச்சம் மீதியைக் கைப்பிடி அளவோடு நிறுத்தி, முருங்கைக் கீரையும் அகத்தியும் தாராளமாகப் போடலாம்.

காசிமேடு பக்கத்தில் இருப்பதால் மீன் கழிவும் கருவாட்டுத் தூளும் மலிவாகக் கிடைக்கும். வேகவைத்த மீன் தலையை வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பது, சிறப்பாக இறகு முளைக்கும் காலத்தில், நல்லது. தினமும் கொடுத்தால் முட்டையிலேயே மீன்வாடை அடிக்கும். கருவாட்டில் உள்ள உப்பு கோழிக்கு நஞ்சு. இரவு முழுவதும் ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றிய பின்னன்றிக் கொடுக்கக் கூடாது.

மழையும் நோயும்

அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் வெப்பம் போய் ஈரம் வந்துவிடும். தரையில் உமியோ மரத்தூளோ நான்கு அங்குலம் பரப்பிய ஆழ்கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. ஈரக் கூளத்தில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர் பெருகும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். குனிந்து நின்றால் உங்கள் கண் எரிகிறது என்றால், அந்த உயரத்திலேயே வாழும் கோழியின் கண்ணை நினைத்துப் பார்க்கலாம். தினமும் கிளறிவிட்டு, ஈரமான இடத்தை அள்ளி எறிந்து புது உமி போட வேண்டும்.

தடுப்பூசியில் விட்டுக்கொடுக்க இடமில்லை. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது. முதல் வாரத்தில் எஃப் 1 அல்லது லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும்; நான்காம் வாரத்தில் லசோட்டா மீண்டும்; ஆறாம் வாரத்தையொட்டி அம்மைத் தடுப்பூசி; எட்டாம் வாரத்தில் ராணிக்கெட்டுக்கான ஆர்2பி ஊசி. லசோட்டாவைக் குடிநீரில் கலப்பவர்கள் மெட்ரோ வாட்டரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதில் உள்ள குளோரின், உயிருள்ள தடுப்பு மருந்தைக் கொன்றுவிடும். சுத்தமான கிணற்று நீரில் கலக்கலாம். அது கிடைக்காதபோது லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை முதலில் கரைத்து, அரை மணி கழித்து மருந்தைச் சேர்க்கலாம். மருந்தைக் கடையிலிருந்து வீட்டுக்குப் பனிக்கட்டியோடுதான் கொண்டுவர வேண்டும்.

அம்மையைக் கொசு பரப்புகிறது. பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்களிடம் கொசுவைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வயண்டாட்டின் கொண்டை இயல்பிலேயே கொப்புளம் கொப்புளமாக இருப்பதால் அம்மையின் தொடக்கம் அதில் மறைந்துவிடும். தாடியையும் கண்ணிமையையும் அலகின் ஓரத்தையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இரவில் கூண்டைக் கொசுவலையால் மூடுவது வீண் ஆடம்பரம் அன்று.

கோழி திடீரெனச் செத்துக்கொண்டே போனால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல், நோயுற்ற கோழியோடு வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சென்றுவிட வேண்டும். 1903 முதல் இயங்கும் நிறுவனம் அது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில் இருப்பதும் நம் பகுதியினருக்கு வசதி.

குணமும் குறிப்பும்

வயண்டாட் சாதுவான கோழி. மடியில் ஏறிக் கொஞ்சும் கோழி அன்று. தன் கனத்தை அறிந்ததுபோல் சற்று அதிகாரமாகவே நடக்கும். சில்கி போன்ற மென்மையான இனத்தோடு விட்டால் தீவனத் தட்டிலிருந்து அவற்றைத் துரத்தும். சிறுவிடை எனப்படும் சின்ன நாட்டுக்கோழியோடு விடலாம்; சிறுவிடை சுறுசுறுப்பால் தப்பித்துக்கொள்ளும்.

முட்டையிடும் பெட்டை எது, சும்மா தின்பது எது என்பதைக் காலைப் பார்த்தே சொல்லலாம். மஞ்சள் கருவுக்கு நிறம் தரும் பொருள்தான் தோலுக்கும் காலுக்கும் நிறம் தருகிறது. தொடர்ந்து முட்டையிடும்போது அது கருவுக்குப் போய்விடுவதால், முதலில் எச்சவாயைச் சுற்றியும் பிறகு அலகிலும் கடைசியில் காலிலும் மஞ்சள் வெளிறும். பல மாதம் கழித்தும் ஒரு பெட்டையின் கால் பளபளவென்று மஞ்சளாகவே இருந்தால், அது உங்கள் தீவனத்தை அழகுக்குத்தான் தின்கிறது.

சில பெட்டைகள் ஏப்ரல், மே மாதங்களில் அடையில் உட்காரும். எழுந்து தண்ணீர் குடிக்காமல் பெட்டிக்குள்ளேயே கிடக்கும் அடைக்கோழி, அந்த வெக்கையில் உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்ளும். மூக்கில் இறகைக் குத்தி அடையைக் கலைக்கும் பழக்கம் கொடுமையானது, வேண்டாம். அடியிலும் காற்றோடும் கம்பிக் கூண்டில் மூன்று நாள், தீவனமும் தண்ணீரும் கொடுத்து வைத்தால் அடை தானே கலைந்துவிடும்.

குஞ்சு பொரிப்பது

முட்டைக்காக மட்டும் வளர்ப்பவர்களுக்குச் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். ஒட்டு வீடுகள் நிறைந்த தெருவில் நான்கு மணிக்குக் கூவும் சேவலால் கெடுவது தூக்கம் மட்டும் அன்று, அண்டை அயல் உறவும்தான். குஞ்சு வேண்டுவோர் தொடர்ந்து படிக்கலாம்.

வயண்டாட் வளர்ப்போர் எல்லோரும் ஒரு முறையாவது சொல்லும் குறை, கூமுட்டை அதிகம் என்பது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று எளிது: எச்சவாயைச் சுற்றியுள்ள பஞ்சு இறகு அடர்த்தியாக இருப்பதால் சேர்க்கை சரியாக நிகழ்வதில்லை. சேவலுக்கும் பெட்டைக்கும் அந்த இடத்து இறகைக் கத்தரியால் ஓட்டக் கத்தரித்துவிட்டால் கருவுறும் முட்டை கூடுவதைக் காணலாம்.

இன்னொன்று கொண்டைக்குள் இருக்கிறது. ரோஜாக் கொண்டையின் பண்பைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற சேவலின் விந்தணுக்களுக்கு நீந்தும் வேகம் குறைவு. ரோஜாக் கொண்டையை உண்டாக்கும் மரபணு மாற்றமே விந்தணுவின் ஓட்டத்துக்குத் தேவையான இன்னொரு மரபணுவையும் உடைத்துவிடுகிறது என்பது 2012இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அந்தப் பண்பை ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற சேவலுக்கு இந்தக் குறை இல்லை. பார்வைக்கு அதுவும் ரோஜாக் கொண்டைதான். அத்தகைய சேவலையும் அத்தகைய பெட்டையையும் சேர்த்தால் நான்கில் ஒரு குஞ்சு, சராசரியாக, நாட்டுக்கோழி போல ஒற்றைக் கொண்டையோடு பிறக்கும். அதைப் பார்த்ததும் ‘கலப்பு’ என்று விற்றவரோடு சண்டைக்குப் போகிறார்கள். குஞ்சைக் குழம்புக்கும் அனுப்பிவிடுகிறார்கள். நானும் என் முதல் ஒற்றைக் கொண்டைச் சேவல் குஞ்சைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். இறகும் உடலும் தரமாக இருந்தால் அந்தச் சேவலை வைத்துக்கொள்வதே சாமர்த்தியம். அதை ரோஜாக் கொண்டைப் பெட்டையோடு சேர்த்தால் கூமுட்டை குறையும். அதன் ரோஜாக் கொண்டை மகன்கள் எல்லாமே குறையற்றவையாக இருக்கும். போதாததற்கு, அந்தப் பெரிய கொண்டை நம் வெயிலுக்கும் உதவும்.

அடை வைக்க டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரையிலான நாட்கள் ஏற்றவை. கோடையில் அறையின் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிக் கெட்டுவிடும் என்பதால், எடுத்த முட்டையை மூன்று நாளுக்கு மேல் வெளியே வைத்திருக்கக் கூடாது. பொரிய 21 நாள். ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, செல்பேசி வெளிச்சத்தின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தால், சிலந்தி கால் விரித்ததுபோல் இரத்த நாளங்கள் தெரியும். பழுப்பு ஓடாகையால் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருப்பவற்றை எடுத்துவிடலாம். முதல் வாரக் குஞ்சுக்கு 35 பாகை வெப்பம் வேண்டும். வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஜனவரி இரவுகளில் 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு.

ஒரு கோல்டன் லேஸ்டு சேவலும் சில்வர் லேஸ்டு பெட்டைகளும் வைத்திருப்பவர்களுக்குப் பொரித்த அன்றே ஒரு வசதி உண்டு. வெள்ளிச் சாயலில் வெளிறிய குஞ்சுகள் சேவல். பொன்னிறத்தில் பழுப்போடியவை பெட்டை. இடம் போதாதவர்கள் சேவல் குஞ்சுகளை அந்த வாரமே, கூவத் தொடங்குவதற்கு வெகு முன்பே, பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் எவரிடமாவது ஒப்படைத்துவிடலாம்.